நான்கு

மண்டபம் ஆஸ்பத்திரியில்
எக்ஸ்ரே அறைக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவே
சுகவாழ்வு மையம்.
பலகையை யாரும் வாசிப்பதில்லை.
'பதினொன்னாம் நம்பர் எதுங்க' என்று
கூட்டிப் பெருக்கும் ரோசம்மாளிடம்
குரலைத் தணித்துக் கேட்டு வருகிறார்கள்.
அவளும் வாயால் சொல்வதில்லை.
துடைப்பத்தால் காட்டுவாள்.

விசைப்படகுகள் கரையேறி
அடிப்பலகையில் சாயம் காய்கிற அறுபத்தொரு நாளும்
ஆண்களுக்குத் தங்கள் உடம்பு ஞாபகம் வருகிறது.
தையில் தொடங்கிய எரிச்சல்,
மாசியில் வந்து தானே ஆறிய புண்.

கண்காணிப்புக்கு இருநூற்றைம்பது ரத்தம் வேண்டும்.
வருகிற வரிசையில் எடு, ஆள் பார்க்காதே என்றது பயிற்சி.
மேகநோய்ச் சோதனைக்கு எடுத்ததில் மிச்சத்தை
வேறு குழாயில் ஊற்றி
எண்ணை மட்டும் ஒட்டுவார் லேப் கபூர்கான்.
என் படிவத்திலும் பெயருக்குக் கட்டமில்லை.
வயது, படிப்பு, தொழில்,
மாதத்தில் எத்தனை நாள் வெளியூர்.

'சம்சாரம் தவிர?' என்று கேட்டதும்
டீசல் அளக்கிற சகுபர் மின்விசிறியைப் பார்த்தார்.
அது ஓடவில்லை. வெகுநேரம் பார்த்தார்.
நீண்டகரையில் தங்கல் போய்வந்த நிவாஸ்டன்
'உறை அங்க சும்மாவே கொடுப்பாங்க சார்,
கேக்கத்தான் வாய் வரல' என்று சிரித்தான்.
பாசி எடுக்கிற நம்புசெல்விக்கு
வெள்ளைபடுதல், அடிவயிற்றில் வலி.
பாறை கிழிக்காமல் இருக்கச் சுற்றிய துணியை
விரல்களிலிருந்து இன்னும் அவிழ்க்கவில்லை.
'வீட்டுக்காரர் வெளியே போவாரா?'
'கடலுக்குத்தான் போறாரு.
கடல்ல யாரு இருக்கா?'

பெயரோடு எச்.ஐ.வி. பார்க்கப் பக்கத்து அறை.
விருப்பம் இருந்தால்தான்.
நூற்று அறுபத்தொரு பேர் போனார்கள்.
ஒருவருக்கு இருந்தது. இப்போது ராமநாதபுரத்தில்
மாதாமாதம் மாத்திரை வாங்குகிறார்,
எடை நாலு கிலோ ஏறியிருக்கிறது.
மீதி எண்பத்தொன்பது பேர்
'அப்புறம் வர்றேன்' என்றார்கள்.
அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்,
எண்பத்தொன்பது முறை.

கார்த்திகை மழையில் கடிதம் வந்தது.
உங்கள் மையம்: இருநூற்றைம்பதில் நான்கு.

யார் என்று கேட்க முடியாது.
சென்னைக்குத் தெரியாது, கபூர்கானுக்குத் தெரியாது.
விதி அப்படி. நல்ல விதிதான்,
பெயர் கேட்டிருந்தால் பாதிப் பேர்
ரோசம்மாளைத் தாண்டியே வந்திருக்கமாட்டார்கள்.
ஆனாலும் அன்று சாயங்காலம்
பாலத்தின் மேல் பஸ் காற்றில் ஆட
கம்பியைப் பிடித்த கைகளையெல்லாம்
பார்த்துக்கொண்டே போனேன்.
நான்கில் ஒன்று தெரியும்.
மூன்று?

மறுநாள் போன் செய்ய ஆரம்பித்தேன்.
நோயைச் சொல்லக்கூடாது, மையத்தைச் சொல்லக்கூடாது,
'செக்கப்புக்கு ஒருதரம் வந்துட்டுப் போங்க', அவ்வளவுதான்.
பலருக்கு எண் உபயோகத்தில் இல்லை.
சகுபர் வந்தார். இல்லை என்று வந்தது.
மின்விசிறியைப் பார்க்காமல் என்னைப் பார்த்து
இன்னொரு பெயர் சொன்னார்,
அவளையும் கூட்டிவரலாமா என்றார்.
நிவாஸ்டன் எடுக்கவேயில்லை.

நம்புசெல்வி கொடுத்திருந்த எண்ணில்
ஆண்குரல்.
பின்னால் இன்ஜின் சத்தம், யாரோ வலையை அதட்டுகிறார்கள்.
'யாருங்க? நம்புவா? நீங்க எங்கேருந்து?'

தொண்டைவரை வந்தது ஆஸ்பத்திரி.
'ராங் நம்பர்ண்ணே' என்றேன்.
'பரவால்ல தம்பி' என்றார்.
நல்ல குரல்.
அந்தக் குரலுக்கும் ஒரு குழாய் வேண்டும்.

பதிவேட்டில் அவள் வரிக்கு எதிரே
பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன்.
நீர் வற்றும் நாட்களில் பாசிக்கு இறங்கிவிடுவாள்,
நீர் ஏறியிருந்தால்
வலி அவளை இந்தப் பக்கம் கொண்டுவரலாம்.
ஓதம் எப்போது என்று
தினமும் காலண்டரைக் கிழிக்கும்போது பார்க்கிறேன்,
படகு இல்லாத நான்.